அலெக்ஸ் (ALEKS) கணிதத் தேர்வில் ஃபெயில் என்பதே கிடையாது

"அலெக்ஸ் தேர்வில் 70க்குக் கீழே வந்தால் ஃபெயில், அட்மிஷனே போய்விடும், தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். தயவுசெய்து இதை நம்பாதீர்கள்.

அமெரிக்கக் கல்லூரிகள் இந்த ஆன்லைன் தேர்வை வைப்பது சேர்ந்த பிறகு எந்தக் கணித வகுப்பில் உட்கார வைக்கலாம் என்று பார்க்கத்தான். வரும் எண் சரியான விடைகளின் எண்ணிக்கை இல்லை. பாடப்பகுதியில் எத்தனை சதவீதம் கைவசம் இருக்கிறது என்பதன் கணிப்பு. கால்குலஸ் (நுண்கணிதம்) வகுப்புக்கு எவ்வளவு வேண்டும் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். உங்கள் கல்லூரியின் கணிதத் துறைப் பக்கத்தில் பாருங்கள்.

அதிகபட்சம் 30 கேள்விகள். நீங்கள் போடும் விடையைப் பார்த்து அடுத்த கேள்வி மாறும். லாகரிதம் கேள்வியை இன்னொருவர் போட்டுக் கொடுத்தால் அது உங்களுக்குத் தெரியும் என்றே கணக்காகிவிடும். அப்புறம் செமஸ்டர் தொடங்கியதும் கால்குலஸ் வகுப்பில் தனியாக மாட்டிக்கொள்வது நீங்கள்தான். ப்ளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கியவர்களுக்கே சில மாத இடைவெளியில் முக்கோணவியல் மறந்துபோகும், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. தெரியாத கேள்விக்கு "தெரியாது" என்று ஒரு பொத்தானே இருக்கிறது; குருட்டாம்போக்கில் அடிக்காமல் அதை அழுத்துங்கள். கால்குலேட்டரும் தேவைப்படும் கேள்விக்குத் திரையிலேயே வரும்.

மார்க் குறைந்தால்? சரி, கூடவே வரும் பயிற்சிப் பகுதியில் விட்டுப்போனதைப் படித்துவிட்டு மறுபடி எழுதப் பல கல்லூரிகள் விடுகின்றன. முதல் தடவையைச் சீக்கிரமே, யார் உதவியும் இல்லாமல் எழுதுங்கள்.