ஷியரரின் 283 கோல்கள்

இங்கிலாந்தின் முதல்நிலைக் கால்பந்து லீக்கில் ஆலன் ஷியரர் அடித்த கோல்கள் 283. தட்டச்சுப் பிழை என்று எண்ணி, 260 என்று திருத்த வருகிறவர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். 260 என்பது 1992இல் பிரீமியர் லீக் என்ற பெயர் வந்த பிறகு அவர் அடித்தவை மட்டுமே. அதற்கு முன்பு சவுத்தாம்ப்டன் அணிக்காக, முதல் டிவிஷன் என்று அழைக்கப்பட்ட அதே முதல்நிலை லீக்கில், பெரும்பாலும் அதே மைதானங்களில், அதே எதிரணிகளுக்கு எதிராக அவர் அடித்த 23 கோல்கள் அந்தக் கணக்கில் சேரவில்லை.

பெரிய வீரர்களின் ஆட்ட வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கும் கட்டுரைகளையும் காணொளிகளையும் தேடித் தேடிப் படிப்பதும் பார்ப்பதும் எனக்கு நீண்ட காலப் பழக்கம். ஷியரரைப் பற்றி என் கண்ணில் பட்டவற்றில் பெரும்பாலானவை 15 ஆகஸ்ட் 1992 அன்று தொடங்குகின்றன. பிளாக்பர்ன் ரோவர்ஸின் சட்டையில், கிரிஸ்டல் பேலஸுக்கு எதிராக, இரண்டு நாள்களுக்கு முன்புதான் 22 வயது நிரம்பியிருந்த ஒருவர் இரண்டு கோல்கள் அடிக்கிறார். அங்கிருந்து கதை 1995இன் லீக் பட்டம், 1996இல் உலகச் சாதனைத் தொகையான ஒன்றரைக் கோடி பவுண்டுக்கு நியூகாசிலுக்கு மாறியது, 2006இல் ஓய்வு என்று நேர்கோட்டில் ஓடுகிறது. அந்த இளைஞர் வானத்திலிருந்து குதித்தாரா, எங்கிருந்து வந்தார் என்று கேட்பார் இல்லை.

அந்த 1992இல் உண்மையில் நடந்தது என்ன? முதல் டிவிஷனின் 22 கிளப்புகள் ஃபுட்பால் லீக் அமைப்பிலிருந்து விலகித் தமக்கென ஒரு லீக்கை அமைத்துக்கொண்டன. தொலைக்காட்சி ஒளிபரப்பு வருவாயைக் கீழ்நிலை டிவிஷன்களோடு பகிர்ந்துகொள்ளும் பொறுப்பிலிருந்து விடுபடுவதே அதன் முதன்மையான நோக்கம். ஐந்து ஆண்டுகளுக்கு 30 கோடியே 40 லட்சம் பவுண்டு என்று அறிவிக்கப்பட்ட ஒப்பந்தத்தில் ஸ்கை நிறுவனம் நேரடி ஒளிபரப்பைப் பெற்றது. கிளப்புகள் கீழ் டிவிஷனுக்கு இறங்குவதும் அங்கிருந்து மேலே ஏறுவதும் முன்போலவே தொடர்ந்தன. ஆட்டத்துக்குள் வந்த ஒரே பெரிய மாற்றம், சக வீரர் வேண்டுமென்றே காலால் திருப்பி அனுப்பும் பந்தைக் கோல்கீப்பர் கையால் எடுக்கக் கூடாது என்ற விதி. அதுவும் உலகம் முழுவதற்குமாக வந்த விதியே தவிர, பிரீமியர் லீக்கின் கண்டுபிடிப்பு அல்ல. பெயரும் கணக்குப் புத்தகமும் மாறின என்பதற்காக, நூறாண்டுக்கு மேல் நடந்துவந்த ஒரு போட்டியின் பதிவேட்டை அன்றைக்குப் புதிதாகத் திறக்க வேண்டுமா?

இதில் எனக்குக் கோபம் வரும் இடம் வேறு. கிளப்புகள் வென்ற பட்டங்களை எண்ணும்போது யாரும் 1992இல் கோடு போடுவதில்லை. 2025இல் லிவர்பூல் லீக்கை வென்றபோது, 20ஆவது பட்டம், மான்செஸ்டர் யுனைடெட்டுக்குச் சமம் என்றே உலகம் எழுதியது. அந்த இருபதில் பதினெட்டு 1990க்குள் வென்றவை. லிவர்பூலுக்கு வெறும் இரண்டு பட்டங்கள்தான் என்று எந்தத் தொகுப்பாளராவது சொல்லத் துணிவாரா? கிளப்பின் பெட்டகத்தில் இருக்கும் வெள்ளிக் கோப்பைக்குப் பழைய காலம் செல்லும். ஒரு வீரன் காலால் அடித்த கோலுக்குச் செல்லாது. ஒரே போட்டிக்கு இரண்டு அளவுகோல்கள். கிளப்புகளுக்குக் கேள்வி கேட்கப் பெருங்கூட்டம் இருக்கிறது, ஓய்வுபெற்ற வீரனுக்கு அது இல்லை என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குப் புலப்படவில்லை.

இனி அந்த 23 கோல்களுக்கு வருகிறேன். நியூகாசிலின் கோஸ்ஃபோர்த் பகுதியில், தகடு வேலை செய்யும் தொழிலாளியின் மகனாகப் பிறந்த ஷியரர், ஜாக் ஹிக்சன் என்ற திறன் தேடுநரின் கண்ணில் பட்டு, நாட்டின் மறுகோடியிலுள்ள சவுத்தாம்ப்டனுக்குச் சிறுவனாகவே போய்ச் சேர்ந்தார். 9 ஏப்ரல் 1988 அன்று, தொடக்கப் பதினொருவரில் முதன்முறையாக இடம்பெற்ற ஆட்டத்திலேயே, ஆர்சனலுக்கு எதிராக ஹாட்ரிக், அதாவது ஒரே ஆட்டத்தில் மூன்று கோல்கள், அடித்தார். சவுத்தாம்ப்டன் 4-2 என வென்றது. அப்போது அவருக்கு வயது 17 ஆண்டு 240 நாள். முதல்நிலை லீக்கில் ஹாட்ரிக் அடித்த மிக இளைய வீரர் என்ற பெருமை அன்று அவருக்குக் கிடைத்தது. அதுவரை அந்தப் பெருமையை வைத்திருந்தவர் ஜிம்மி கிரீவ்ஸ். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படித் தொடங்கிய பையன் அடுத்த பருவத்தில் கோல் மழை பொழிந்திருப்பான் என்று நாம் நினைப்போம். 1988-89 பருவம் முழுவதும் லீக்கில் அவர் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. அதன் பிறகும் சில பருவங்கள் விரல் விட்டு எண்ணும் அளவுக்கே அடித்தார். பயிற்சியாளர் கிறிஸ் நிக்கல் அவரை அவசரப்படுத்தாமல், உள்ளேயும் வெளியேயுமாக வைத்து வளர்த்தார். அணியில் கோல் அடிக்க மேட் லெ டிசியேவும் ராட் வாலஸும் இருந்தார்கள். முதுகைத் தடுப்பாட்டக்காரருக்குக் காட்டிப் பந்தைப் பிடித்து வைப்பது, உயரத்தில் வரும் பந்துக்கு மோதுவது, அவர்களுக்கு இடம் உண்டாக்கிக் கொடுப்பது ஆகியவையே இந்தப் பையனுக்கு வாய்த்த வேலைகள். சவுத்தாம்ப்டனில் 118 லீக் ஆட்டங்களில் 23 கோல்கள். அடுத்துப் பிளாக்பர்னில் 138 ஆட்டங்களில் 112 கோல்கள். இந்த இரண்டு வரிகளுக்கு நடுவில்தான் ஷியரர் என்ற முன்கள வீரர் உருவானார். முதல் வரியை அடித்துவிட்டு இரண்டாவதை மட்டும் காட்டுவது, விதைத்ததையும் நீர் பாய்ச்சியதையும் மறைத்துவிட்டு அறுவடையை மட்டும் படம் பிடிப்பதைப் போன்றது. நியூகாசிலில், 1997 கோடையில் கணுக்காலில் ஏற்பட்ட கடுமையான காயத்துக்குப் பின் வேகம் குறைந்த ஷியரர், முதுகையும் கைகளையும் நெற்றியையும் கொண்டு இன்னும் ஒன்பது பருவங்கள் தாக்குப்பிடித்தாரே, அந்தக் கைப்பாடம் சவுத்தாம்ப்டனின் பழைய டெல் மைதானத்தில் படித்தது என்பது என் துணிபு. கதையை 1992இல் தொடங்குகிறவர்களால் இந்தத் தொடர்பைப் பார்க்கவே முடியாது.

இப்போது கிரீவ்ஸ். செல்சிக்காக 157 ஆட்டங்களில் 124, டாட்டனம் ஹாட்ஸ்பருக்காக 321 ஆட்டங்களில் 220, கடைசியாக வெஸ்ட் ஹாமுக்காக 38 ஆட்டங்களில் 13. ஆக, முதல்நிலை லீக்கில் 516 ஆட்டங்கள், 357 கோல்கள். ஆறு பருவங்களில் லீக்கிலேயே அதிக கோல் அடித்தவர் அவரே. 1960-61இல் செல்சி 98 கோல்கள் அடித்து 100 கோல்கள் வாங்கி, பன்னிரண்டாம் இடத்தில் முடித்தது. அப்படிப்பட்ட ஓட்டைப் படகில் நின்றுகொண்டு கிரீவ்ஸ் மட்டும் 41 கோல்கள் அடித்தார். இத்தனையையும் 31 வயதுக்குள் முடித்துவிட்டு முதல்நிலை ஆட்டத்திலிருந்து வெளியேறிவிட்டார். ஷியரரின் முழுக் கணக்கான 283ஐ வைத்துப் பார்த்தாலும் கிரீவ்ஸ் 74 கோல்கள் முன்னே நிற்கிறார். இருவருக்கும் நடுவில், 300ஐத் தாண்டிய டிக்ஸி டீனும் ஸ்டீவ் புளூமரும் இருக்கிறார்கள். ஆனால் ‘இங்கிலாந்து லீக்கின் எல்லாக் காலத்துக்குமான கோல் மன்னன்’ என்று தலைப்பிட்டு வரும் படங்களில் இந்த மூவரின் முகத்தை நான் கண்டதே அரிது. 1966 உலகக் கோப்பையில் பிரான்சுக்கு எதிரான ஆட்டத்தில் காலில் அடிபட்டு, இறுதி ஆட்டத்தை வெளியிலிருந்து பார்த்தவர் என்ற ஒற்றைப் பரிதாபக் காட்சியாக கிரீவ்ஸ் சுருங்கிவிட்டார்.

அந்தக் காலத்தில் தடுப்பாட்டம் பலவீனம், கோல்கள் மலிவு, ஒப்பிடவே கூடாது என்று மறுப்பவர்கள் உண்டு. இதில் பாதி உண்மை என்று ஒப்புக்கொள்கிறேன். கிரீவ்ஸின் நாளில் பருவத்துக்கு 42 ஆட்டங்கள். ஆட்டத்துக்கு விழுந்த சராசரி கோல்களும் அதிகம். ஆனால் அதே நாளில் மைதானங்கள் குளிர்காலத்தில் சேற்று வயல்களாகக் கிடந்தன. பின்னாலிருந்து காலை வாருவதை நடுவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1965 வரை மாற்று ஆட்டக்காரரே கிடையாது, அடிபட்டவர் நொண்டிக்கொண்டு ஓரத்தில் நிற்க வேண்டியதுதான். ஆட்டத்தின் தன்மையை வைத்துத்தான் காலத்தைப் பிரிக்க வேண்டும் என்றால், அதற்குத் தகுந்த ஆண்டு 1925. அப்போதுதான் ஆஃப்சைடு விதிப்படி, பந்தைப் பெறும் வீரருக்கும் கோல் கோட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டிய எதிரணி வீரர்களின் எண்ணிக்கை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தது, கோல்கள் திடீரென்று பெருகின, அடுத்த சில ஆண்டுகளிலேயே டிக்ஸி டீன் ஒரே பருவத்தில் 60 கோல்கள் அடிக்க முடிந்தது. அந்தக் கோட்டுக்கு ஆட்டத்துக்குள்ளேயே காரணம் இருக்கிறது. 1992இன் கோட்டுக்குக் காரணம் ஒளிபரப்பு ஒப்பந்தத்தில் இருக்கிறது.

இந்தக் கோட்டினால் விளையும் வேடிக்கைகளுக்கும் குறைவில்லை. கேரி லினெக்கர் லெஸ்டர், எவர்டன், டாட்டனம் என்று மூன்று வெவ்வேறு கிளப்புகளில் ஆடியபோது முதல்நிலை லீக்கில் அதிக கோல் அடித்தவராகத் திகழ்ந்தார். 1992இல் ஜப்பானின் நகோயாவுக்குப் போய்விட்டதால் பிரீமியர் லீக் கணக்கில் அவர் பெயருக்கு எதிரே சுழியம். பல ஆண்டுகள் பிபிசி அரங்கில் அவரும் ஷியரரும் அருகருகே அமர்ந்து பேசியதைப் பார்த்த இன்றைய இளைஞர்களில் எத்தனை பேருக்கு, சிரித்த முகத்தோடு நிகழ்ச்சியை நடத்திய அந்த மனிதரும் ஒரு கோல் வேட்டைக்காரர் என்று தெரியும்? 2022-23இல் எர்லிங் ஹாலாண்ட் 36 கோல்கள் அடித்தபோது சாதனை என்று கொண்டாடினோம். நானும் கொண்டாடினேன், அந்தப் பருவத்தை ரசிக்காதவன் கல்நெஞ்சன். ஆனால் 1966-67இல் சவுத்தாம்ப்டனின் ரான் டேவிஸ் அடித்தது 37.

ஹாரி கேன் 2023இல் பேயர்ன் மியூனிக்குக்குப் போனபோது வந்த கட்டுரைகள் எல்லாம், பிரீமியர் லீக்கில் 213 கோல்களோடு நின்றுவிட்டார், ஷியரரின் 260ஐ எட்டாமல் போகிறாரே என்று புலம்பின. அதே ஆண்டு பிப்ரவரியில், மான்செஸ்டர் சிட்டிக்கு எதிராக, எல்லாப் போட்டிகளையும் சேர்த்துத் தன் 267ஆவது கோலை அடித்து, டாட்டனத்துக்காக அதிக கோல் அடித்தவர் என்ற சாதனையைக் கேன் கைப்பற்றியிருந்தார். அங்கே அவர் முந்திய பெயர் ஜிம்மி கிரீவ்ஸ். கிளப்பின் கணக்கில் மட்டும் கிரீவ்ஸ் உயிரோடு இருந்தார். லீக்கின் கணக்கில் அவர் பிறக்கவே இல்லை.

ஷியரரின் பெருமையில் ஒரு துளியைக் குறைக்கவும் நான் இதை எழுதவில்லை. மான்செஸ்டர் யுனைடெட் கதவைத் தட்டியும் சொந்த ஊருக்கே போன மனிதர் அவர். ஒரே ஒரு லீக் பட்டத்தோடு ஓய்வு பெற்றதற்கு அவர் வருந்தவில்லை, நாம் ஏன் வருந்த வேண்டும்? அவருக்கு 23 கோல்களையும் ஒரு வளரிளம் பருவத்தையும் திருப்பிக் கொடுங்கள் என்கிறேன். அப்படிக் கொடுத்தால் முதலிடம் போய், கிரீவ்ஸ், புளூமர், டீன், கார்டன் ஹாட்ஜ்சன் ஆகியோருக்கு அடுத்து ஐந்தாம் இடம் கிடைக்கும். பதினேழு வயதில் கிரீவ்ஸைத் தாண்டியவர், வாழ்நாள் கணக்கில் கிரீவ்ஸுக்குப் பின்னால் நிற்பது ஷியரருக்கு இழுக்காகாது.

24 ஆகஸ்ட் 1957 அன்று, டாட்டனத்தின் வொயிட் ஹார்ட் லேன் மைதானத்தில் செல்சியின் சட்டை அணிந்து தன் முதல் லீக் ஆட்டத்தை ஆடினார் பதினேழு வயதுக் கிரீவ்ஸ்; ஆட்டம் 1-1 என முடிந்தது, செல்சியின் கோல் அவருடையது. 19 செப்டம்பர் 2021 ஞாயிறன்று காலை அவர் இறந்த செய்தி வந்தது. அன்று மாலை லீக்கில் டாட்டனமும் செல்சியும் மோதின. அதே இடத்தில் எழுந்திருக்கும் புதிய மைதானத்தில், ஆட்டம் தொடங்கும் முன் இரு அணி வீரர்களும் அவருக்காக நின்று கைதட்டினார்கள்.