மங்குகளை மண்டபத்துக்குக் கொண்டுவருகிறவர்களுக்கு

பால்மரத்தில், அதாவது ரப்பர் மரத்தில், பால் பிடிக்கக் கிடந்த கிண்ணமான மங்கு இன்று கஃபேயில் பூந்தொட்டி. பால்வாளி விளக்குக் கூண்டு. அதே மங்கைத் தோட்டப் பட்டண மண்டபத்தில் வைத்து, 'தொழிலாளர் அவலம்' என்று பலகை மாட்டிவிட்டால் மட்டும் கலையாகிவிடுமா? எண்ணிக்கை, கறை, சம்பளக் கணக்கு மூன்றும் இல்லாத மங்கு எங்கே வைத்தாலும் அலங்காரம்தான் என்பது என் கட்சி.

சிச்சுவான் நிலநடுக்கத்தில் பள்ளிகள் இடிந்து மாண்ட பிள்ளைகளுக்காக, அய் வெய்வெய் 2009இல் மியூனிக் கலைக்கூட முகப்பில் மாட்டியவை 9,000 பள்ளிப் பைகள். டோரிஸ் சால்செடோ 2003இல் இஸ்தான்புல்லில் இரு கட்டடங்களுக்கு நடுவே குவித்த நாற்காலிகள் 1,550. நாமோ பன்னிரண்டு மங்கை வட்டமாக அடுக்கி, நடுவில் குத்துவிளக்கு ஏற்றுகிறோம்!

பெரட்டு (விடியற்காலை ஆள் கணக்கெடுப்பு) முடிந்து போன ஒருவர் ஒரு காலையில் பால் வெட்டியது 400, 500 மரம். அதுதான் எண்ணிக்கை. நம் டேவான்களில் (பொது மண்டபங்களில்) பூப்பந்துக் கோடு ஏற்கெனவே போட்டிருக்கிறது, நீளம் 13.4 மீட்டர், அகலம் 6.1. மங்குக்கு மங்கு 40 செ.மீ. விட்டால் 33 வரிசை, வரிசைக்கு 15, மொத்தம் 495. ஒவ்வொரு வரிசையிலும் எட்டாவதை எடுத்துவிடுங்கள். நடுவில் ஓர் ஆள் நடக்க வழி கிடைக்கும். 462 மங்கு மிஞ்சும். ஒரே ஆளின் ஒரு காலை வேலையை நடந்து பார்க்கட்டும். அடி குறுகிய மங்கு கவிழும். பிவிசி குழாயை 2 செ.மீ. வளையங்களாக அறுத்து அடியில் கொடுத்தால் நிற்கும்.

தொங்கவிட ஆசையா? முதலில் ஒரு மங்கை நிறுத்துப் பெருக்குங்கள். 300 கிராம் என்றால் 200 மங்குக்கு 60 கிலோ. சீலிங் பலகை தாங்காது, உத்தரத்தில்தான் கட்ட வேண்டும். தூண்டில் நரம்பு நாளாக நீளும், முடிச்சும் வழுக்கும். எஃகுக் கம்பி வாங்குங்கள். செம்புக் கம்பி பார்க்க அழகு, ஆனால் ரப்பர் கெட்டுப்போவதைச் செம்பு விரைவுபடுத்தும். ஒட்டியிருக்கும் பழைய பால் பிசுபிசுத்துவிடும். ஜன்னல் வெயிலும் அப்படித்தான்.

கழுவ வேண்டாம். தங்கச் சாயம் அடிக்கவே வேண்டாம். உலர்ந்த தூரிகையால் மண்ணைத் தட்டினால் போதும். உள்ளே காய்ந்து கறுத்த ஒட்டுப்பால் இருக்கட்டும். 'உண்மைத்தன்மை' வேண்டும் என்று புதுப் பால் ஊற்றுவதும் வீண். அமோனியா கலக்காவிட்டால் சில மணி நேரத்தில் உறைந்துவிடும், அப்புறம் நாற்றத்தில் மண்டபமே காலி.

சுவரில் கவிதை எழுதாதீர்கள். பழைய செக்ரோல் (தோட்டத்தின் வருகை, சம்பளப் பதிவேடு) பக்கம் ஒன்று கிடைத்தால் ஏ3 அளவில் பெரிதாக்கி மாட்டுங்கள். பெயரையும் அடையாள எண்ணையும் கறுப்புத் தாளால் மறையுங்கள். வேலை நாள், பிடித்தம், கைக்கு வந்த தொகை மூன்றும் தெரியட்டும். மழையில் வெட்டு இல்லாமல் போன நாள்களின் வெற்றுக் கட்டங்களை வெட்டி எறிந்துவிடாதீர்கள். என்னைக் கேட்டால் கண்காட்சியிலேயே முக்கியமான இடம் அதுதான்.

மங்கு தந்த குடும்பங்களுக்கு எண்ணிக்கையும் திருப்பித் தரும் தேதியும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். அடையாளத்துக்கு டேப் ஒட்டினால் பசை போகாது. பென்சிலில் எழுதிய துண்டுச் சீட்டை உள்ளே போடுங்கள்.