நீலப் பட்டுச் சேலையும் மூன்று கமாவும்

இணையத்தில் சேலை விற்கும் ஒரு சின்னக் கம்பெனிக்கு ஆங்கிலத்தில் விவரக் குறிப்பு எழுதிக் கொடுப்பது என் பக்கவாட்டுப் பிழைப்பு. போன வாரம் எழுதியது திருத்தப்பட்டுத் திரும்பி வந்தது. நான் எழுதியிருந்தது 'பியூட்டிஃபுல் ப்ளூ சில்க் சாரி'. வந்திருந்தது 'பியூட்டிஃபுல், ப்ளூ, சில்க், சாரி'. மூன்று பெயரடைக்கு மூன்று கமா. கடைசி கமா பட்டுக்கும் சேலைக்கும் நடுவில்! பட்டுச் சேலையிலிருந்து பட்டை மட்டும் உருவி எடுத்த மாதிரி இருந்தது.

திருத்தியனுப்பிய கம்பெனிக்காரருக்குப் போன் செய்தேன். "அட்ஜெக்டிவ் வரிசையா வந்தா கமா போடணும்னுதானே தம்பி பள்ளிக்கூடத்துல சொல்லிக்குடுத்தாங்க?" என்றார். அவர் மேல் தப்பில்லை. எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். பாதியைச் சொல்லிவிட்டு மணி அடித்துவிட்டது போல.

மீதிப் பாதி இதுதான். 'எ போரிங், பாயிண்ட்லெஸ் மீட்டிங்' என்று எழுதினால் கமா வேண்டும். அறுவை, வெட்டி என்று இரண்டு சொல்லும் தனித்தனியாகப் போய்க் கூட்டத்தைத் திட்டுகின்றன. இடம் மாற்றிப் போட்டாலும் திட்டு திட்டுதான். நடுவில் 'அண்ட்' சேர்த்தாலும் இடிக்காது. 'ப்ளூ சில்க் சாரி' அப்படியில்லை. சில்க் முதலிலேயே சாரியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. அந்தப் பட்டுச் சேலைக்குத்தான் நீல நிறம். அந்த நீலப் பட்டுச் சேலைதான் அழகு. 'சில்க் ப்ளூ சாரி' என்று மாற்றிப் பாருங்கள், வேறு எதையோ சொல்கிறது. 'ப்ளூ அண்ட் சில்க் சாரி' என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், நாக்கு தடுக்கும். அங்கே கமாவுக்கு வேலை இல்லை.

இதைப் புரிந்துகொள்ள நமக்கு இங்கிலீஷ் கிராமர் புத்தகமே வேண்டாம். நீலப் பட்டுச் சேலை. அந்த ப், அந்த ச் இரண்டும்தான் பசை. 'நீல, பட்டு, சேலை' என்று எழுதினால் ஒற்று ஓடிப்போய் ஜவுளிக்கடை பில் மாதிரி ஆகிவிடும். தமிழில் ஒற்று அழுத்தி ஒட்டவைக்கும் இடத்தில், ஆங்கிலத்தில் பெரும்பாலும் கமா வராது. இதைச் சூத்திரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 'பெரிய சிவப்புப் பஸ்' என்பதில் பெரியவுக்குப் பின்னால் ஒற்று இல்லை, இருந்தும் 'பிக் ரெட் பஸ்'ஸில் கமா கிடையாது.

அதற்குக் காரணம் வரிசை. ஆங்கிலத்தில் அபிப்பிராயம், அளவு, வயது, வடிவம், நிறம், ஊர், எதனால் செய்தது, எதற்குப் பயன்படுவது என்று ஏறக்குறைய இப்படித்தான் வரும். வேறு வேறு வகைச் சொற்கள் அந்தந்த இடத்தில் உட்கார்ந்தால் நடுவில் கமா தேவைப்படாது. ஒரே வகைச் சொல் இரண்டு வந்து ஒரே நாற்காலிக்குப் போட்டி போட்டால் கமா போட்டுப் பிரித்துவிட வேண்டும். இந்த வரிசைக் கட்டுப்பாடு நமக்குப் புதிதா என்ன? அடை (அடைமொழி), சினை (உறுப்பு), முதல் (அந்த உறுப்பை உடைய முழுப்பொருள்) என்று தொல்காப்பியம் முறை சொல்லி வைத்திருக்கிறது. செங்கால் நாரை என்கிறோம், 'கால்செந் நாரை' என்று யாரும் உளறுவதில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது 'நல்ல பெரிய வீடு'. இதில் 'நல்ல' வீட்டின் குணத்தைச் சொல்லவில்லை, எவ்வளவு பெரிசு என்பதைத் தூக்கிக் காட்டுகிறது. 'நைஸ் பிக் ஹவுஸ்' அச்சு அசல் அதே. நடுவில் கமா போட்டு 'நல்ல, பெரிய வீடு' என்றால் தண்ணீர் வருகிறது, ஓனர் தங்கமானவர், அதோடு வீடும் பெரிசு என்று ஆகிவிடும்.

சேலையில் கமா கூடினால் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை, பார்க்க அசிங்கம், அவ்வளவுதான். சில இடங்களில் செய்தியே பொய்யாகிவிடும். எஸ்எல்வி-3 ராக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1979 ஆகஸ்டில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து முதல் தடவை ஏவியபோது தோல்வி. 1980 ஜூலை 18 அன்று ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் கொண்டுபோய் வைத்தது. இந்த இரண்டாவதை எஸ்எல்வி-3இன் 'ஃபர்ஸ்ட் சக்ஸஸ்ஃபுல் லாஞ்ச்' என்று எழுதினால் சரி. வெற்றி பெற்றவற்றில் இது முதல், அதற்கு முன்னால் சறுக்கல் இருந்திருக்கலாம். 'ஃபர்ஸ்ட், சக்ஸஸ்ஃபுல் லாஞ்ச்' என்று கமா போட்டால் ஏவியதே அதுதான் முதல் தடவை, அதுவே வெற்றி என்றாகிறது. 1979இல் கடலில் விழுந்த ராக்கெட் ஒரு புள்ளியில், சரி, ஒரு புள்ளியும் வாலும் சேர்ந்த குறியில் காணாமல் போய்விடுகிறது.

அதனால்தான் சொல்கிறேன், சந்தேகம் வந்தால் கமாவை விட்டுவிடுங்கள். சேலைக் குறிப்பு, வேலைக்கு விண்ணப்பம், கல்யாணப் பத்திரிகை எதுவானாலும். கமா ஒன்று குறைந்த வரியைப் படிப்பவர் தானே நிதானித்துப் படித்துக்கொள்வார். கூடிப்போனால் ஒவ்வொரு சொல்லுக்கும் ஸ்பீடு பிரேக்கர். கடைசிப் பெயரடைக்கும் பெயர்ச்சொல்லுக்கும் நடுவில் மட்டும் போடவே போடாதீர்கள், அதில் சந்தேகத்துக்கே இடமில்லை. இது அபிப்பிராயம், அது நிறம் என்று வகை பிரிக்க முடியாத இடங்களும் வரும். அங்கே வாய்விட்டுப் படித்துப் பார்த்து, காது சொல்கிறபடி செய்யுங்கள்.

இதையெல்லாம் சுருக்கிப் போனில் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார். ஒற்று விஷயத்துக்கு "அட, ஆமால்ல" என்றுகூடச் சொன்னார். அப்புறம் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "சரி தம்பி, கடைசி கமாவை மட்டும் எடுத்துடறேன்" என்றார்.

மற்ற இரண்டும் இன்னும் அங்கேயேதான் இருக்கின்றன. சேலை விற்றுவிட்டது.