நாப்பத்தஞ்சு வயசுக்கு மேல மாதவிடாய் அதிகமா போனா 'கெட்ட ரத்தம்' இல்லைங்க

"மாதவிடாய் நிக்கற வயசுல எவ்வளவு போனாலும் நல்லது, கெட்ட ரத்தம்தான் வெளியேறுது"ன்னு எங்க அம்மாப்பேட்டை வாட்ஸ்அப் குரூப்ல ஒண்ணு சுத்துது, சுத்தப் பொய்ங்க. போறது உடம்புல ஓடுற அதே ரத்தம்தான். எங்க சித்தி இதை நம்பி ஏழெட்டு மாசம் ஓட்டுனாங்க, கடைசில ஏற்காடு பஸ் படி ஏறறதுக்குள்ள மூச்சு வாங்குச்சு, நகமெல்லாம் வெளிறிப்போச்சு, டெஸ்ட் எடுத்தா ஹீமோகுளோபின் 7, பொம்பளைங்களுக்கு 12 இருக்கணும். நாள் முன்னபின்ன ஆகறது, ராத்திரி திடீர்னு வேர்த்து ஜாக்கெட் நனையறது, தூக்கம் கெடறது எல்லாம் ஹார்மோன் ஏறி இறங்கறதால வர்றது. ஆனா மணிக்கு ஒரு பேடு நனைஞ்சாலோ, கட்டி கட்டியா போனாலோ, 7 நாளைத் தாண்டுனாலோ ஃபைப்ராய்டாவும் (கர்ப்பப்பைல வர்ற சாதாரண கட்டி) இருக்கலாம், தைராய்டு கோளாறாவும் இருக்கலாம், ஸ்கேனும் ரத்த டெஸ்ட்டும் பண்ணாம தெரியாது. 12 மாசம் நின்னப்புறம் ஒரு சொட்டு பட்டாக்கூட புற்றுநோய் இல்லைன்னு பாத்துரணும், தள்ளிப்போடாதீங்க அக்கா.