பெரிய தொலைநோக்கிக்குள் இருப்பது லென்ஸ் அல்ல

வானாய்வகத் தொலைநோக்கிக்குள் ராட்சத லென்ஸ் இருக்கும், விஞ்ஞானி அதில் கண் வைத்துப் பார்ப்பார், அளவு கூடினால் உருப்பெருக்கமும் கூடும் என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். மூன்றுமே சரியில்லை.

லென்ஸை விளிம்பில்தான் தாங்கிப் பிடிக்க முடியும், பெரிதாக்கினால் தன் எடையிலேயே வளைந்துவிடும். 1897-ல் திறக்கப்பட்ட அமெரிக்காவின் யெர்க்ஸ் வானாய்வகத்தின் சுமார் 1 மீட்டர் லென்ஸுக்குப் பிறகு அந்த வழி ஏறக்குறைய நின்றேபோனது. இப்போது எல்லாம் ஆடிதான், அதாவது ஒளியைத் திருப்பி அனுப்பும் கண்ணாடி; அதைப் பின்னாலிருந்தே தாங்கிப் பிடிக்கலாம். சிலியில் இருக்கும் விஎல்டி (Very Large Telescope) என்ற தொலைநோக்கியை எடுத்துக்கொள்ளுங்கள்: ஆடியின் விட்டம் 8.2 மீட்டர், தடிமன் வெறும் 17.5 சென்டிமீட்டர், தொலைநோக்கி சாயச் சாய அதுவும் வளையத்தான் பார்க்கும், ஆனால் பின்னால் இருக்கும் 150 தாங்கிகள் கணினி சொல்கிறபடி அழுத்தத்தை மாற்றி மாற்றி அதன் வடிவத்தைத் திருத்திக்கொண்டே இருக்கும். எனக்கு மிகவும் பிடித்த விஷயமே இதுதான், இதை விட்டுவிட்டு லென்ஸ் என்று சொல்வது வருத்தமாக இருக்கிறது. உண்மையில் ஒளியைத் திருப்புவதுகூட அந்தக் கண்ணாடிப் பாளம் அல்ல, அதன்மேல் பூசிய மிக மெல்லிய அலுமினியப் படலம்.

அப்புறம், அங்கே யாரும் கண் வைத்துப் பார்ப்பதில்லை. ஒளி போய் விழுவது கடுமையாகக் குளிரூட்டப்பட்ட கேமராவிலும், ஒளியை நிறங்களாகப் பிரித்து அளக்கும் நிறமாலைமானியிலும். வானியலாளர்கள் தனி அறையில் திரைமுன் இருப்பார்கள்.

பெரிய ஆடி வேண்டியிருப்பது மங்கலான ஒளியைச் சேர்க்கவும் நெருக்கமான புள்ளிகளைப் பிரித்துக் காட்டவும்தான். விட்டம் இரண்டு மடங்கானால் ஒளி நான்கு மடங்கு. வெறும் உருப்பெருக்கம் என்றால் சிறிய தொலைநோக்கியிலும் கண் வைக்கும் இடத்தில் உள்ள சிறு லென்ஸை (கண்வில்லை) மாற்றிக் கூட்டிக்கொள்ளலாம், மங்கல்தான் பெரிதாகத் தெரியும்.