‘ஜெனியூன் லெதர்’ என்பது ஒரு கிரேடு கிடையாது

அந்த பெல்ட் வீடியோவை நேற்றிலிருந்து எத்தனை பேர் அனுப்பிவிட்டீர்கள்! ‘ஜெனியூன் லெதர்னு போட்டிருந்தா வாங்காதீங்க, இருக்கிறதிலேயே கடைசி கிரேடு அதுதான்’ என்கிறார் அந்தத் தம்பி. வெளியூர்க்காரர்கள் நம்பினால் போகட்டும். ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் இருப்பவர்களே பகிர்வதுதான் மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

ஜெனியூன் என்றால் அசல், போலி இல்லை. இது ரெக்சின் அல்ல, தோல் என்பதற்கு மேல் அந்த முத்திரை எதுவும் சொல்வதில்லை. மூட்டையில் ‘அரிசி’ என்று எழுதியிருந்தால் உள்ளே சீரகச் சம்பாவும் இருக்கலாம், நொய்யும் இருக்கலாம். நொய் போட்டவன் பொய் சொல்லவில்லை. அதற்காக ‘அரிசி’ என்ற சொல்லுக்கே நொய் என்று அர்த்தம் வந்துவிடுமா?

தரம் முடிவாவது தோல் பதனிடும் டேனரியில். மாட்டுத் தோலை முழுக் கனத்தோடு ஷூவுக்குப் போட முடியாது. ஸ்பிளிட்டிங் மெஷினில் கொடுத்துப் பிளக்கிறார்கள். முடி இருந்த பக்கம் கிரெயின், சதைப் பக்கம் ஸ்பிளிட். கிரெயினை ஷூவின் மேல்தோலுக்கு 1.2 முதல் 1.4 மில்லிமீட்டர் வரை சீவுவார்கள். இதிலும் கைதவறும்: தோலின் பலம் பெரும்பாலும் கிரெயினுக்கு அடியில் இருக்கிற நார்ப்பின்னலில். அதை அதிகமாகச் சீவிவிட்டால் முதல் தரக் கிரெயினும் தையலில் கிழியும். மேற்பரப்பைத் தேய்க்காமல் விட்டால் ஃபுல் கிரெயின். உண்ணிக்கடி, முள்கீறல் தெரியாமல் பஃப் செய்து (தேய்த்து), பிக்மென்ட் (நிறப்பூச்சு) அடித்து, டிசைன் அழுத்தினால் கரெக்டட் கிரெயின். ஸ்பிளிட்டைப் பஃப் செய்தால் சூயிட், மேலே பி.யூ. என்கிற பிளாஸ்டிக் பூச்சு கொடுத்தால் கோட்டட் ஸ்பிளிட். இத்தனையும் அசல் தோல்தான்.

தோல் துண்டுகளைத் தூளாக அரைத்துப் பசையில் ஒட்டிய பாண்டட் லெதர் வேறு. ஓராண்டு, இரண்டாண்டில் செதில் செதிலாக உரிவது பெரும்பாலும் அதுவும் ரெக்சினும்தான். பாண்டடை வெறுமனே லெதர் என்று சொல்ல அமெரிக்க விதியும் விடாது, காலணிக்கான 1994 ஐரோப்பிய விதியும் விடாது. ஐரோப்பிய விதியில் பூச்சு 0.15 மில்லிமீட்டரைத் தாண்டினாலே ‘பூச்சுத் தோல்’ என்று தனியாகக் குறிக்க வேண்டும். ‘ஜெனியூன்’ என்று ஒரு கிரேடு இரண்டிலும் இல்லை. இல்லவே இல்லை.

‘அப்படியானால் மட்டமான பெல்ட்டில்தானே அந்த முத்திரை அதிகம்?’ என்பீர்கள். உண்மைதான், ஒத்துக்கொள்கிறேன். ஃபுல் கிரெயின் வைத்திருப்பவர் ஃபுல் கிரெயின் என்றே போடுவார், சொல்ல வேறொன்றும் இல்லாதவர் ஜெனியூன் என்று போடுவார். ஆனால் இது கடைக்காரரின் பழக்கம். சொல்லின் பொருள் அல்ல. நல்ல ஃபுல் கிரெயினிலும் அதே முத்திரையைக் கேட்டு ஆர்டர் கொடுப்பவர்கள் உண்டு.

‘வழக்கில் பொருள் மாறாதா?’ என்று இன்னொருவர் கேட்கலாம். பேச்சில் மாறட்டும். லேபிள் என்பது வாங்குகிறவருக்குக் கொடுத்த வாக்கு. அந்த வாக்கை உண்மையாகவே காப்பாற்றுகிற ஒரு பட்டறையை, நாள் முழுக்க நின்று பெல்ட் வெட்டி ஓட்டை போடுகிறவர்களை, ஒரு நிமிட வீடியோவில் மோசடிக்காரர்கள் ஆக்கிவிட்டீர்கள். பழைய வேலூர் ஜில்லாவில் எத்தனை வீட்டு அடுப்பு இதில் எரிகிறது என்று தெரிந்தவர்களே இதைச் செய்யலாமா?

கடையில் ‘கிரெயினா, ஸ்பிளிட்டா?’ என்று கேளுங்கள். பெல்ட்டின் ஓரத்தைப் பார்க்காதீர்கள், பெயின்ட் அடித்திருக்கும். பக்கிள் ஊசி நுழைகிற ஓட்டைக்குள் பாருங்கள். நார் நாராகத் தெரிந்தால் தோல். துணி நூல் தெரிந்தால் ரெக்சின். அமுக்கிய அட்டை மாதிரிப் பொடி உதிர்ந்தால் பாண்டட்.