உப்புச் சப்பில்லாத நாயகன்
பார்ப்பவர் நாயகனின் இடத்தில் தன்னைப் பொருத்திப் பார்க்கத்தான் காதல் அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) தொடர்களின் நாயகர்களை வெறுமையாக விடுகிறார்கள் என்று நான் படித்த ஒரு கட்டுரை சமாதானம் சொல்கிறது. எனக்கு ஒப்பவில்லை. 2023-இல் வந்த ‘தி ஏஞ்சல் நெக்ஸ்ட் டோர்’ தொடரில், மழையில் ஊஞ்சலில் நனைந்தபடி உட்கார்ந்திருக்கும் நாயகி மஹிருவிடம் நாயகன் அமானே குடையைக் கொடுத்துவிட்டுப் போகிறான், அழகான தொடக்கம். பிறகு அவள் சமைக்கிறாள், அவன் அறையைச் சுத்தம் செய்கிறாள். அவன் ருசியாக இருப்பதாகப் பாராட்டுகிறான். எங்கள் வீட்டுப் பூனைக்குக்கூட இதைவிடக் குணச்சித்திரம் அதிகம். 2022-இல் வந்த ‘மை டிரஸ்-அப் டார்லிங்’ தொடரின் நாயகன் கோஜோவும் கூச்ச சுபாவம் உள்ளவன்தான். ஆனால் ஹினா என்னும் ஜப்பானிய மரபுப் பொம்மைகளின் முகம் தீட்டுவதில் அவனுக்கு ஒரு பித்து. தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தால் வேறு ஆளாகிவிடுகிறான். நாயகி மரின் ஏன் அவனிடம் மயங்குகிறாள் என்று நமக்குத் தெரிகிறது. மஹிருவுக்கு என்ன காரணம், அந்தக் குடையா?